கத்தியோட ஃப்ரீயா வந்த முதலுதவி டப்பா: கத்தி ஓகே, டப்பா வேஸ்ட்

சுருக்கமா கேட்டா, கத்திக்காக வாங்கலாம், கூட ஃப்ரீயா தர்ற முதலுதவி டப்பாவ மனசுல வச்சு வாங்காதீங்க. ஆன்லைன்ல மடக்குக் கத்தி தேடுனீங்கன்னா இந்த காம்போ கண்ணுல பட்டிருக்கும், கறுப்பு கைப்பிடி போட்ட கத்தி ஒண்ணு, சிவப்பு தகர டப்பா ஒண்ணு, ட்ரெக்கிங் செட்னு பேரு. ஒரே மாடலுக்கு ஆளாளுக்கு ஒரு லோகோ அடிச்சு விக்கிறாங்க, அதனால பிராண்ட் பேர் சொல்லி பிரயோஜனம் இல்ல. எனக்கு 649 ரூபாய்க்கு வந்துச்சு. கத்தி விக்கிறவனே காயத்துக்கும் மருந்து சேர்த்துத் தர்றானே, எவ்ளோ பொறுப்பான ஆளுன்னு தோணும்ல? ஆனா டப்பாவுக்குள்ள இருக்குறதுல பாதிக்கு மேல அந்தக் கத்தி போடுற காயத்துக்கே ஆகாது.

மொதல்ல கத்தி. பிளேடு மூணு இஞ்சுக்கு கொஞ்சம் கம்மி, வந்தப்பவே நல்ல கூர், மாங்காய், பார்சல் டேப், சணல் கயிறு எல்லாம் ஜோரா வெட்டுது. எலுமிச்சம்பழம் வெட்டிட்டு தொடைக்காம வச்சா மறுநாள் கறை விழுந்திருக்கு, ஸ்டெயின்லெஸ்னு பிளேடுலயே எழுதியிருந்தாலும். கூர் போனா சும்மா விட்டுடாதீங்க, மொக்கைக் கத்திதான் ரொம்ப ஆபத்து, அது வெட்டாதுன்னு நாம அழுத்துவோம், அழுத்துன வேகத்துல வழுக்கி கைக்கு வரும். கைப்பிடிதான் எனக்குப் பிடிக்கல, வேர்த்த கையில சோப்பு மாதிரி நழுவுது, நம்ம ஊர் வெயிலுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

லாக் பத்தி கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், ஏன்னா மடக்குக் கத்தில கை வெட்டுறது பெரும்பாலும் அங்கதான். லாக்கே இல்லாத கத்தி நிறைய இருக்கு, சுவிஸ் கம்பெனி விக்டோரினாக்ஸோட பிரபலமான 91 மில்லிமீட்டர் சிவப்புக் கத்திலயும் லாக் கிடையாது, ஸ்பிரிங் பிடிமானம் மட்டும்தான். அதுக்காக மோசமான கத்தின்னு அர்த்தம் இல்ல, அறுக்குறதுக்கு அது அருமை, ஆனா நுனியால குத்துற வேலைக்கு எடுக்கக்கூடாது. பெல்ட்ல ஓட்டை போடுறேன், பைப்புல ஓட்டை போடுறேன்னு நுனிய குத்தித் திருகுனா பிளேடு மடங்கி ஆள்காட்டி விரல் மேல உக்காந்துடும். ஃபிரான்ஸ்காரன் ஓபினெல்ங்கிற மடக்குக் கத்தியோட கழுத்துல ஒரு வளையம் வச்சான், வைரோபிளாக்னு, 1955ல வந்தது, திருகி விட்டா பிளேடு மடங்காது. இதுமாதிரி எளிமையான லாக்க நான் வேற எதுலயும் பாத்ததில்ல.

இந்தக் காம்போ கத்தில இருக்குறது லைனர் லாக். கைப்பிடிக்குள்ள ஒரு மெலிசான தகடு இருக்கும், பிளேடு முழுசா திறந்ததும் அது பக்கவாட்டுல வந்து பிளேடோட அடிப்பகுதிக்கு முட்டுக் குடுத்து நிக்கும். திறந்திருக்கும்போது பத்திரம்தான், என் கத்தில ஆட்டம் எதுவும் இல்ல. வில்லங்கம் மூடும்போது. அந்தத் தகட்ட கட்டைவிரலால ஒதுக்கணும், ஒதுக்குற அந்த நேரத்துல கட்டைவிரல் நிக்கிறது பிளேடு வந்து விழுற வழியிலேயே. கொஞ்சம் மடக்குனதும் விரல எடுத்துட்டு அப்புறம்தான் மிச்சத்த மூடணும். கூட வந்த பேப்பர்ல இதப் பத்தி ஒரு வரி கூட இல்ல, அதுக்கு பதிலா கரடி படம் போட்டிருக்காங்க.

எங்க மச்சானுக்கு அந்தப் பேப்பர் இருந்தாலும் படிச்சிருக்க மாட்டார். வீட்டுக்கு தண்ணி கேன் வந்துச்சு, மூடி சீல் வரல, "மாப்ள அந்தக் கத்திய குடுங்க"ன்னு வாங்கி சீல வெட்டுனார், அது வரைக்கும் நல்லாதான் போச்சு, அப்புறம் ஒரு கையில கேன பிடிச்சுக்கிட்டே இன்னொரு கையால தகட்ட ஒதுக்கி, பிளேட தொடையில வச்சு ஒரு அழுத்து அழுத்துனார். கட்டைவிரல்ல பக்கவாட்டுல ஒரு இஞ்ச் நீளத்துக்கு கோடு. ஒரு செகண்ட் வெள்ளையா இருந்துச்சு, அப்புறம் ரத்தம் கொட்ட ஆரம்பிச்சுது. உள்ள இருந்து அக்கா "காபித்தூள் கொண்டு வரவா"ங்குது.

அப்பதான் அந்த சிவப்பு டப்பாவ மொத முறையா திறந்தோம். உள்ள இருந்தது: சின்ன பேண்ட் எய்டு ஒரு கட்டு, ஸ்பிரிட் துடைப்பான் பாக்கெட்டு சிலது, பஞ்சு, நூல் நூலா பிரியிற ஒரு கட்டுத்துணி, ஊக்கு, பேப்பரக்கூட வெட்டாத கத்திரி, ஒரு விசில். காஸ் துணி (காயத்து மேல வைக்கிற வலைத்துணி) இல்ல. டேப் இல்ல. கையுறை இல்ல. பேண்ட் எய்டு நல்ல சாமான்தான், 1920ல ஜான்சன் அண்ட் ஜான்சன்ல வேல பாத்த ஏர்ல் டிக்சன், சமையல்கட்டுல அடிக்கடி கைய வெட்டிக்கிற தன் பொண்டாட்டிக்காக யோசிச்சு செஞ்சது, ஆனா ரத்தம் நின்ன பிறகு ஒட்டுறதுக்குத்தான் அது. ரத்தம் வந்துக்கிட்டு இருக்கும்போது ஒட்டுனா பசை நனைஞ்சு வழுக்கிட்டு வரும், வந்துச்சு. பஞ்ச வச்சா அதோட இழை காயத்துல ஒட்டிக்கும், அப்புறம் அத பிய்க்கிறதுக்குள்ள மறுபடி ரத்தம். ஸ்பிரிட்ட வெட்டுக்காயத்துக்குள்ள தேச்சா எரியிறது மட்டும் இல்ல, உள்ள நல்லா இருக்குற சதையையும் அது கெடுக்கும். சாமணத்த (ட்வீசர்) தொடைக்கத்தான் அது லாயக்கு, ஆனா சாமணமே டப்பாவுல இல்ல.

கடைசில உதவுனது துவைச்சு மடிச்சு வச்சிருந்த ஒரு காட்டன் கைக்குட்டை. வச்சு நேரா அழுத்திப் பிடிச்சு கைய நெஞ்சுக்கு மேல தூக்கி வச்சோம். பத்து நிமிஷம் விடாம அழுத்தணும், நின்னுடுச்சான்னு நடுநடுல தூக்கிப் பாக்கக்கூடாது, பாத்தா அப்பதான் உறைய ஆரம்பிச்ச ரத்தம் பிஞ்சு மறுபடி மொதல்ல இருந்து. நம்ம மக்களுக்கு இதுதான் கஷ்டமான பகுதி, மச்சான் எத்தனை தடவை எட்டிப் பாக்கப் போனார்னு கேக்காதீங்க. துணி நனைஞ்சா அத எடுக்காம அது மேலயே இன்னொண்ண வச்சு அழுத்தணும். விரல்ல மோதிரம் இருந்தா வீங்குறதுக்கு முன்னாடி கழட்டிடணும்.

நின்ன பிறகு குழாய்த் தண்ணி. குடிக்கிற தண்ணியா இருந்தா போதும், சலைன் வச்சு கழுவுனவங்களுக்கும் குழாய்த் தண்ணில கழுவுனவங்களுக்கும் சீழ் பிடிக்கிறதுல பெரிய வித்தியாசம் இல்லன்னு ஆய்வுகளே சொல்லுது. சோப்பு சுத்தி இருக்குற தோலுக்கு, காயத்துக்குள்ள வேண்டாம். மலையில போகும்போது குழாய் இல்லன்னா தண்ணி பாட்டில் மூடில ஊக்கால ஓட்டை போட்டு பீச்சி அடிச்சு கழுவலாம், டப்பாவுல வந்த ஊக்குக்கு அந்த ஒரு உபயோகம் இருக்கு. அப்புறம் மெலிசா வாசலின், மேல பேண்ட் எய்டு, தினம் ஒரு தடவை மாத்துனா போதும். காத்தாட விட்டு பக்கு கட்டுனாதான் ஆறும்னு நம்ம வீட்டுல சொல்லுவாங்க, 1962லயே ஜார்ஜ் விண்டர்னு ஒருத்தர் பன்னி தோல்ல பாத்து சொல்லிட்டார், ஈரப்பதத்தோட மூடி வச்ச காயத்துலதான் புதுத்தோல் சீக்கிரம் வளருதுன்னு.

விரல் நுனி வெட்டுன்னா பேண்ட் எய்டு நிக்காது, அதோட ரெண்டு பக்க ஒட்டுப் பட்டையையும் நீளவாக்குல பாதியா கீறி நாலு வாலா ஆக்கி குறுக்க குறுக்க ஒட்டுங்க, கை கழுவுனாலும் சீக்கிரம் வராது. கட்டுன பிறகு நகத்த அழுத்திப் பாருங்க, ரெண்டு செகண்டுல சிவப்பு திரும்பணும், திரும்பலன்னா கட்டு இறுக்கம்.

காபித்தூள், மஞ்சத்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்ங்க. மஞ்சளுக்கு கிருமிய கொல்ற குணம் இருக்கலாம், டப்பாவுல ஆறு மாசமா ஈரக் கரண்டி போட்டு எடுக்குற மஞ்சத்தூளுக்கு இல்ல, தையல் போட வேண்டி வந்தா டாக்டர் மொதல்ல அந்தத் தூள சுரண்டி எடுக்கவே நேரம் போகும். வெட்டுக்காயப் பூண்டு கசக்கி வச்சு வளந்தவன்தான் நானும், வயக்காட்டுல வேற வழி இல்லாம செஞ்சது, இப்ப தண்ணியும் துணியும் கைல இருக்கும்போது அது எதுக்கு. ஃபெவிக்விக் ஊத்துறவங்களுக்கு தனியா ஒரு வார்த்த: ஆஸ்பத்திரில தோல ஒட்டுற பசையும் அதே சயனோஅக்ரிலேட் குடும்பம்தான், ஆனா ரகம் வேற, கடைல விக்கிறது சூடாகி தோல எரிச்சலாக்கும்.

இதெல்லாம் மேலாப்புல வெட்டுன காயத்துக்குத்தான். பத்து நிமிஷம் சரியா அழுத்தியும் நிக்கல, ரத்தம் துடிச்சுத் துடிச்சு பீச்சுது, வாய் பிளந்து உள்ள மஞ்சளா கொழுப்பு தெரியுது, விரல் மூட்டு மேல விழுந்திருக்கு, இதுல எதுவா இருந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. ரத்தம் நின்ன பிறகு இன்னும் ரெண்டு சோதனை பாத்துடுங்க, இது முக்கியம். விரலோட ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியா மடக்கி நீட்ட முடியுதா, வெட்டுக்கு அந்தப்பக்கம் விரலோட ரெண்டு ஓரமும் தொட்டா உணர்ச்சி தெரியுதா. மேல சின்ன கீறலா இருந்து உள்ள நரம்போ தசைநாரோ அறுந்திருக்கும், கத்தி நுனிக்கு அது சாதாரணம், லேட்டா போனா சரிபண்றது கஷ்டம். சுகர் இருக்குறவங்களும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களும் சின்ன வெட்டையே காட்டிடுறது நல்லது. டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) துரு பிடிச்ச கத்திக்குத்தான்னு நினைக்காதீங்க, கிருமி இருக்குறது மண்ணுலயும் சாணிலயும். தடுப்பூசி முழுசா போட்டவங்க சுத்தமான சின்ன வெட்டுன்னா கடைசி ஊசி போட்டு 10 வருஷம் ஆச்சான்னும், மண்ணு பட்ட காயம்னா 5 வருஷம் ஆச்சான்னும் பாருங்க.

மச்சானுக்கு தையல் தேவைப்படல. அடுத்த நாள் நான் பண்ணது, டப்பாவுல இருந்தத கொட்டிட்டு மெடிக்கல் ஷாப்ல காஸ் துணி பாக்கெட், மைக்ரோபோர் டேப், ஸ்டெரி ஸ்ட்ரிப் (வெட்டு வாய சேர்த்துப் பிடிக்கிற ஒட்டுப் பட்டை), பெட்டாடின் சின்ன பாட்டில், கையுறை ரெண்டு ஜோடி, நல்ல பேண்ட் எய்டு அகலமானது வாங்கிப் போட்டேன். ஸ்டெரி ஸ்ட்ரிப் எல்லா கடைலயும் கிடைக்கல, ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்குற கடைல கேளுங்க. தகரமும் மூடியும் மட்டும் தரமா இருக்கு, தண்ணி உள்ள போகல, விசிலும் நல்லா சத்தம் வருது.

கத்திக்கு மூணரை ஸ்டார், டப்பாவுக்கு தகரத்துக்காக ஒண்ணு. கத்தி மட்டும் தனியா 450க்கு அதே விற்பனையாளரே போட்டிருக்கார், கீழ இறக்கிப் பாத்தா தெரியும், அத எடுத்துட்டு மிச்சக் காச மெடிக்கல் ஷாப்ல குடுங்க. டப்பா சீல் பிரிச்சா ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்களாம், கத்திக்கு மட்டும் ஏழு நாள் டைம், அதனால வந்ததும் மொதல்ல பிளேட முழுசா திறந்து, விரல் எதுவும் வழியில இல்லாம முதுகுப்பக்கத்த ஒரு மரக்கட்டைல மெதுவா அழுத்திப் பாருங்க, லாக் கொஞ்சம் நழுவுனாலும் அன்னைக்கே திருப்பி அனுப்பிடுங்க.