திருச்சி – சிட்னி: தூரம் சரி, நேரம் தப்பு

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் பயண நேரமும் சொல்கிற ஒரு இணையதளத்தைப் பற்றி எழுதுகிறேன். எங்களுக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை. சம்பா அறுப்பு முடிந்த கையோடு, பிப்ரவரியில், மகள் பேறுகாலத்துக்காக நானும் என் வீட்டுக்காரியும் சிட்னி போனோம்.

தூரத்தில் குறை சொல்ல மாட்டேன். சுமார் 9,100 கிலோமீட்டர் என்று காட்டியது. பூமி உருண்டைமேல் கயிறு பிடித்து அளந்த தூரம். நாங்கள் போனது சிங்கப்பூர் வழி. திருச்சியிலிருந்து அங்கே ஏறத்தாழ 2,980, அங்கிருந்து சிட்னிக்கு 6,300. சுற்றுவழியோ என்று பயந்திருந்தேன். கூட்டிப் பார்த்தால் 180 கிலோமீட்டர்தான் அதிகம். இது தெரிந்ததே அந்தத் தளத்தால்தான்.

நேரத்தில்தான் கோளாறு. பதினொன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தது. மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வகுத்த கணக்கு அது. திருச்சியிலிருந்து சிட்னிக்கு நேர் விமானமே கிடையாது. அதை ஒரு வரி சொல்லியிருக்க வேண்டாமா? மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள். அதற்கப்புறம் எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று கிலோமீட்டரை வைத்து யாராவது சொல்வார்களா?

மகள் அனுப்பிய டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருந்தது. நான் தளத்தை நம்பி, வீட்டுக்காரியின் சர்க்கரை மாத்திரைக்கு நாள்காட்டித் தாளின் பின்பக்கம் வேளை எழுதினேன். ஒரு வேளைக்கு மட்டும் கைப்பையில். மீதி பெரிய பெட்டியில்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் காரில் கிளம்பினோம். விமான நிலையம் 120 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். அங்கே மூன்றரை மணி நேரக் காத்திருப்பு. சிங்கப்பூருக்கு நாலேகால் மணி, அங்கே ஐந்து மணி நேரம் உட்கார்ந்தோம். காலை மாத்திரை வேளை வந்தது, மாத்திரை இல்லை. அவள் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை, காலிப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு பிசைந்தது. பிறகு இன்னும் ஏழே முக்கால் மணி நேரம். சிட்னியில் இறங்கும்போது ராத்திரி பதினொன்று. நம்மூர் நேரம் மாலை ஐந்தரை. வாசலை விட்டுக் கிளம்பி இருபத்துமூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

இன்னொன்று: போக, வர இரண்டுக்கும் ஒரே நேரம் காட்டுகிறது. ஆஸ்திரேலியாமேல் காற்று உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. அதனால் சிட்னி – சிங்கப்பூர் வரும்போது எட்டு மணி நேரம் தாண்டியது.

தூரத்துக்கு ஐந்து நட்சத்திரம், நேரத்துக்கு ஒன்று. வயதானவர்களை அனுப்புகிறவர்கள் டிக்கெட்டைப் பார்த்து, நம்மூர் நேரத்துக்கு மாற்றிக் கூட்டுங்கள். மே மாதம் ஊர் திரும்பும்போது மூன்று நாள் மாத்திரையும் அவள் கைப்பையிலேயே இருந்தது.