கார் நடவுக்கு முன்னே: தக்கைப்பூண்டா, மணிலா அகத்தியா?

பிசானம் என்கிற பின்பருவ நெல் அறுத்த வயலை, கார் என்கிற முன்பருவ நெல் நடவு வரைக்கும் சும்மா போடாமல் பசுந்தாள் உரம், அதாவது பச்சையாகவே மடக்கி உழுது உரமாக்கும் செடி, விதைக்க ஆரம்பித்து 6 வருஷம் ஆகிறது. வயல் சேரன்மகாதேவிப் பக்கம், தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். எப்போதும் தக்கைப்பூண்டுதான். போன வருஷம் மட்டும் பாதி வயலில் மணிலா அகத்தி போட்டேன். இந்த வருஷம் மறுபடி முழுக்கத் தக்கைப்பூண்டு.

இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். தண்ணீர் தேங்கினாலும் தாங்கும், 45 நாளில் மடக்கி உழுதுவிடலாம்.

மணிலா அகத்தியின் சிறப்பு தண்டில் இருக்கிறது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் முடிச்சு தக்கைப்பூண்டுக்கு வேரில்தான். இதற்குத் தண்டிலும் வரிசையாகப் புடைத்து நிற்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினேன். வெளியே பச்சை, உள்ளே இளஞ்சிவப்பு. வேர் தண்ணீரில் முங்கிக் கிடந்தாலும் தண்டு தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அருமையான செடி, அதில் சந்தேகமில்லை.

என் முடிவை மாற்றியது விதை. மணிலா அகத்தி விதையின் தோல் அவ்வளவு கெட்டி. அடர் கந்தக அமிலத்தில் கொஞ்ச நேரம் வைத்துக் கழுவித்தான் விதைக்கச் சொல்கிறார்கள். பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அமிலத்தை வைக்க எனக்கு மனமில்லை. வெந்நீரில் முக்கி விதைத்தேன். திட்டுத்திட்டாக முளைத்தது, இடைவெளியெல்லாம் கோரை ஏறிவிட்டது. தக்கைப்பூண்டுக்கு இந்தப் பாடு இல்லை. கோடை மழை ஈரத்தில் ஏக்கருக்கு 20 கிலோ தூவி ஓர் உழவு ஓட்டினால் ஒரு வாரத்தில் வயல் பச்சை கட்டிவிடும். அப்புறம், விதைக்கென்று மேட்டில் 10 சென்ட் உழாமல் விட்டால் போதும், அடுத்த வருஷத்துக்குக் கடைக்கு அலைய வேண்டாம்.

பிசானத்துக்கு முன்னால் விதைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பகல் குறுகும் மாதங்களில் மணிலா அகத்தி சீக்கிரமே பூத்துவிடும், தழை குறையும். சித்திரையில் விதைத்தால் அந்தக் கவலை இல்லை.

நான் போட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் நல்ல வண்டல் வயலில். தண்ணீர் வடியாத தாழ்ந்த வயல்காரருக்கு மணிலா அகத்தி என்னைவிட நன்றாகக் கைகொடுக்கலாம். களர் (காரத்தன்மை மிகுந்த) வயல் என்றால் தக்கைப்பூண்டைத் தயங்காமல் போடலாம்.

மேட்டில் விட்ட 10 சென்டில் இப்போது காய் பிடித்திருக்கிறது. காய்ந்து வெடிப்பதற்குள் அறுக்க வேண்டும்.