ரெட் சீ உப்பு, நீல வாளி: நம் கரையில் கடல் தொட்டி வைப்பவர்களுக்கு எப்படி?

மண்டபத்திலோ கீழக்கரையிலோ கடல் மீன், பவளம் வளர்க்கத் தொட்டி வைக்கப் போகிறவர் முதலில் கேட்பது, கடல் பக்கத்திலேயே இருக்க உப்பை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் கரையோர நீர் ஒரே சீராக இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் உப்பளவு இறங்கும், பாக் நீரிணைப் பக்கம் கலங்கும். விசைப்படகு நிற்கும் இடமென்றால் டீசல் வேறு. 2019-ல் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகி மன்னார் வளைகுடா பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கியது பலருக்கும் நினைவிருக்கும்.

வாலிநோக்கம் கல் உப்பும் இதற்கு ஆகாது. உப்பளத்தில் கால்சியத்தின் பெரும்பகுதி ஜிப்சமாக முன்னதாகவே படிந்துவிடும், மக்னீசியம் கடைசியில் வடிக்கும் நீரோடு போய்விடும். வாருவது ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைடு.

ரெட் சீ நிறுவனம் நீல வாளியில் விற்கும் தொட்டி உப்பில் இந்தக் குறை இல்லை. லிட்டருக்குச் சுமார் 38 கிராம் போட்டால் உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) வரும். கால்சியம் 430 பிபிஎம் (பத்து லட்சத்தில் 430 பங்கு) அளவிலும், காரத்தன்மை 8 டிகேஎச் (கார்பனேட் அளவைச் சொல்லும் அலகு) அளவிலும் நிற்கும். மீனும் மென்பவளமும் (கல் கூடு கட்டாத பவளம்) மட்டும் வளர்க்கிறவருக்கு இது தாராளம். அதே நிறுவனத்தின் கறுப்பு வாளி உப்பான கோரல் ப்ரோவில் காரத்தன்மை 12-ஐ ஒட்டி இருக்கும். நம் ஊர் வெயிலில் அந்தக் கார்பனேட் சீக்கிரம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும் என்பதால் புதியவர்களுக்கு நீலத்தையே சொல்வோம்.

உப்பு நல்லதாக இருந்தாலும் தண்ணீர் கெடுத்துவிடும். போர்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். காவிரிக் குடிநீரில் குளோரின் இருக்கும். கேன் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் (கரைந்த தாதுக்களை அளக்கும் கருவி) பார்க்காமல் ஊற்றாதீர்கள். சுவைக்காகத் தாது சேர்த்திருப்பார்கள். ஆர்ஓவுக்குப் பின்னால் டிஐ ரெசின் (மிச்சத் தாதுக்களையும் பிடிக்கும் வடிப்பான்) வைத்து, மீட்டர் 0 காட்டும் நீரே சரி.

20 லிட்டருக்கு 760 கிராம். கப்பில் அளக்காமல் தராசில் நிறுங்கள். முதலில் தண்ணீர், அதில் பவர்ஹெட் (நீரைச் சுழற்றும் சிறு மோட்டார்) ஓட வேண்டும், பிறகு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். உப்பைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால், அடியில் செறிவு எக்கச்சக்கமாகி கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாக இறங்கிவிடும். வாளிச் சுவரில் மைதா மாவு தடவியதுபோல் வெள்ளைப் படலம் தெரிந்தால் அதுதான். எவ்வளவு கலக்கினாலும் அது திரும்பக் கரையாது. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவதே மேல். சூடு ஏற ஏற இந்தப் படிவு அதிகமாகும், ஆகவே சித்திரை, வைகாசியில் விடியற்காலையில் கலக்குங்கள். முறையாகப் போட்டால் முதலில் பால்போல் கலங்கி, இரண்டு மூன்று மணி நேரத்தில் அடி பளிச்சென்று தெரியும்.

பிறகு ரிஃப்ராக்டோமீட்டர், அதாவது உப்பளவு பார்க்கும் கருவி. வெறும் ஆர்ஓ நீரில் பூஜ்யம் வைத்துவிட்டு நம்ப வேண்டாம். 35 பிபிடி சோதனைக் கரைசலில் சரிபாருங்கள். 25 டிகிரியில் ஒப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.026 காட்ட வேண்டும்.

இந்த உப்பில் எங்களுக்குள்ள ஒரே குறை, ஈரத்தை இழுப்பது. கடற்காற்றில் வாளியைத் திறந்து வைத்தால் கட்டிதட்டும். ஈரமும் எடையில் சேர்வதால் அதே 760 கிராமுக்கு உப்பளவு குறைவாக வரும். பாறையாக இறுகியதில் காரத்தன்மையும் விழுந்திருக்கும், அதைப் பயன்படுத்தாதீர்கள். எடுத்ததும் உள்பையின் காற்றை அழுத்தி வெளியேற்றி, முறுக்கிக் கட்டி மூடுங்கள். வண்டியில் வரும் வழியில் நுண்துகள் அடியில் தங்கியிருக்கும், முதல்முறை திறக்குமுன் வாளியைப் படுக்கவைத்து உருட்டுவதும் அவசியம்.

22 கிலோ வாளியில் 35 பிபிடிக்குச் சுமார் 575 லிட்டர் கிடைக்கும். 100 லிட்டர் தொட்டிக்காரர் 7 கிலோவே வாங்கலாம். பெரிய வாளி தீருமுன் இறுகிவிடும். தொட்டிக்குப் பாறை தேடிக் கடலுக்குப் போகாதீர்கள், பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. உலர் பாறை வாங்கி இந்த நீரிலேயே ஊறவிடலாம். அன்றாடம் ஆவியாகும் அளவுக்கு உப்பு நீர் ஊற்றாமல், ஆர்ஓ நீரை மட்டும் ஈடுசெய்யுங்கள்.