மாட்ரிட்டில் முதல் நாள்: பிராடோவா, ரெத்தீரோவா?

நீண்ட விமானப் பயணம் முடித்து இறங்கும் குழுவில் இந்த வாக்குவாதம் வந்தே தீரும்.

செலவு: ரெத்தீரோ பூங்கா இலவசம், படகுக்கு மட்டும் காசு. பிராடோ அருங்காட்சியகம் திங்கள் முதல் சனி வரை மாலை 6–8 இலவசம், ஆனால் வரிசை நீளும்.

களைப்பு: பிராடோவில் மங்கிய வெளிச்சம், மணிக்கணக்கில் நிற்பது, தூக்கம் கண்ணைச் சொருகும். பூங்காவில் பகல் வெளிச்சம் உடல் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும். முதல் நாளுக்கு இதுவே பெரிய மருந்து.

குழு: பூங்காவில் யாரும் பெஞ்சில் சாயலாம். பிராடோவில் பெரிய பைகளை ஒப்படைக்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது.

பெரியவர்கள், குழந்தைகள் இருந்தால் ரெத்தீரோ. ஒரே இரவு தங்குவோர், பிராடோவின் 12-ஆம் அறையில் ஓவியர் வெலாஸ்கெஸின் 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தை மட்டும் பார்த்துத் திரும்பலாம். இரவுச் சாப்பாடு எட்டரைக்கு முன் பல உணவகங்களில் கிடைக்காது. கையில் நொறுக்குத்தீனி இருக்கட்டும்.