ஆறு பாத ரோல் கேஜ்: நாலு சீசனுக்குப் பிறகு

ரோல் கேஜ் என்பது வண்டி உருண்டால் உள்ளிருப்பவர் நசுங்காமல் காக்கும் இரும்புக் குழாய்க் கூடு; அது தரையில் ஊன்றும் இடம்தான் பாதம். வண்டி பழைய மாருதி எஸ்டீம். முதல் இரண்டு சீசன் போல்ட் போட்டு மாட்டும் கேஜ். அதைக் கழற்றிவிட்டு, வெல்டு செய்த ஆறு பாதக் கேஜில் நாலு சீசன். பாதி ஓட்டம் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயின் தார்த் தடத்தில், மீதி பொள்ளாச்சிக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடைப்பட்ட செம்மண்ணில் ஆட்டோகிராஸ் என்னும் மண்தடப் பந்தயம். இந்த ஆறு சீசனில் குழாய் ஒரு தடவைகூடத் தகராறு செய்யவில்லை. தகராறு வந்ததெல்லாம் குழாய் போய் உட்காரும் தகட்டில், அதைப் பிடிக்கும் போல்ட்டில், மேலே சுற்றும் ஃபோமில். ஆனால் கேஜ் போடப் போகிறவர்கள் விசாரிப்பது முழுக்கக் குழாயைப் பற்றித்தான்.

அதனால் குழாய்க் கதையை முதலில் முடித்துவிடலாம். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதியில் (இணைப்பு ஜே, பிரிவு 253) மெயின் ஹூப்புக்கு (சீட்டுக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவு) 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம். மற்ற குழாய்களுக்கு 38-க்கு 2.5 அல்லது 40-க்கு 2. பொருள், குளிர்நிலையில் இழுத்த சீம்லெஸ் (மூட்டுக் கோடு இல்லாத) கார்பன் ஸ்டீல். இழுவலு குறைந்தது 350 நியூட்டன்/ச.மி.மீ. நீங்கள் ஓடப்போகும் போட்டியின் விதிப் புத்தகத்தையும் பார்த்துவிட்டுப் பைப் வாங்குங்கள். எஸ்டீம் அளவு வண்டிக்கு மெயின் ஹூப்புக்கு 4 மீட்டர், மற்றதற்கு 20 முதல் 22 மீட்டர் போகும். 45 மி.மீ. குழாய் மீட்டருக்கு 2.6 கிலோ, 40 மி.மீ. குழாய் 1.9 கிலோ. பிளேட், கஸெட் (மூட்டை வலுப்படுத்தும் துண்டுத் தகடு) எல்லாம் சேர்த்தால் 55 கிலோவை ஒட்டி வரும். ஒல்லியான ஆள் ஒருவரை எப்போதும் கூட உட்காரவைத்து ஓட்டுகிற கணக்கு.

கடையில் சீம்லெஸ் என்று சொல்லி இ.ஆர்.டபிள்யூ. (தகட்டை உருட்டி நீளவாக்கில் பற்றவைத்த) பைப்பைத் தள்ளிவிடுவது சகஜம். வெட்டு முனையில் விரலை விட்டுத் தடவினால் நீளவாக்கில் ஒரு கோடு தட்டுப்பட்டால் அது இ.ஆர்.டபிள்யூ. கோடு இல்லை என்பதற்காக சீம்லெஸ் என்றும் முடிவு கட்டக் கூடாது. உள்கோட்டை நீக்கிவிட்டு விற்கும் குழாயும் உண்டு. மில்லின் டெஸ்ட் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்குங்கள். முனையில் நாலு இடத்தில் வெர்னியர் வைத்துக் கனத்தைப் பாருங்கள். ஜி.ஐ. பைப் பக்கமே போக வேண்டாம்: துத்தநாகப் புகை வெல்டருக்குக் காய்ச்சல் கொண்டுவரும், வெல்டுக்குள் குமிழி விழும். அது பந்தல் போட ஏற்ற பைப்.

வளைப்பதற்கு மாண்ட்ரெல் பெண்டர் (குழாய்க்குள் தண்டு விட்டு வளைக்கும் மெஷின்) வேண்டும். மணல் நிரப்பிச் சூடு காட்டி வளைக்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் பெண்டிங் கடைகள் நிறைய உண்டு என்றாலும், கைப்பிடிக் கம்பியும் நாற்காலியும் வளைக்கிற கடையில் 45-க்கான டை (வளைக்கும் அச்சு) இருக்காது. 50 டையில் வைத்து வளைத்தால் வளைவு சப்பையாகிவிடும். வளைவின் ஆரம், குழாயின் மையக்கோட்டில் அளந்தால், விட்டத்தின் மூன்று மடங்கு. 45 குழாய்க்கு 135 மி.மீ. வளைந்த இடத்தில் சிறிய விட்டம் பெரிய விட்டத்தில் பத்தில் ஒன்பதுக்குக் குறைந்தால் அந்தத் துண்டு இரும்புக் கடைக்கு.

போல்ட்டா, வெல்டா?

போல்ட் கேஜின் வசதி, ஒரே நாளில் கழற்றலாம் என்பது. அந்த வசதிதான் அதன் குறையும். பாதத்துக்கு மூன்று எம்8 போல்ட், 8.8 கிரேடு, 25 நியூட்டன் மீட்டர் டார்க் (இறுக்கும் அளவு). பெயிண்ட் அடித்த தகட்டின்மேல் இறுக்கினால் முதல் நாள் ஓட்டத்திலேயே பெயிண்ட் நசுங்கி இறுக்கம் போய்விடும். செம்மண் ஆட்டோகிராஸில் இரண்டு ஹீட் (சிறு ஓட்டப் பந்தயம்) ஓட்டிவிட்டு ஸ்பேனர் வைத்தால் நாலைந்து போல்ட் கால் சுற்று திரும்பும். தளர்ந்த போல்ட் ஓட்டையை முட்டை வடிவத்துக்கு இழுக்கும். அதன்பிறகு டார்க் வைத்தும் நிற்காது. பாதம் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, துத்தநாகப் பிரைமரை மெல்லியதாக ஒரு கோட் மட்டும் அடித்து, நைலாக் நட் (தானாகக் கழலாத நட்) போட்டு, ஒவ்வொரு நட்டிலும் பெயிண்ட் மார்க்கரால் கோடு போட்ட பிறகுதான் தொல்லை குறைந்தது. கோடு விலகியிருந்தால் குனிந்து பார்த்தாலே தெரியும்.

வெல்டு கேஜில் இந்த வேலை இல்லை. வண்டியின் பாடியும் இறுகிவிடுகிறது. திருப்பத்தில் முன்சக்கரம் என்ன செய்கிறது என்பது ஸ்டீயரிங்கில் தெளிவாக வரும். ஒரு சீசனில் ஐந்தாறு நிகழ்வுக்கு மேல் ஓட்டுபவர் வெல்டுக்கே போகலாம். வருஷத்துக்கு இரண்டு என்றால் போல்ட் போதும்.

பாதம்

எஸ்டீமின் தரைத் தகடு ஏறக்குறைய தகர டப்பா கனம்தான். 2.5 மி.மீ. குழாயை அதன்மேல் நிறுத்தினால், வண்டி உருளும்போது குழாய் வளையாது; தகட்டைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும். கூரை அத்தனை அங்குலம் தலைக்கு அருகே வரும். அதனால்தான் பாதத்துக்கு அடியில் 3 மி.மீ. பிளேட், குறைந்தது 120 சதுர செ.மீ.; பின் ஸ்டேக்கு (மெயின் ஹூப்பிலிருந்து பின்னால் சரிந்து இறங்கும் குழாய்) 60 சதுர செ.மீ. என்று விதி கேட்கிறது. 12-க்கு 10 செ.மீ. துண்டு வெட்டித் தரையில் ஒட்டினால் விதி நிறைவேறும், பலம் நிறைவேறாது. பிளேட்டை எல் வடிவத்தில் மடித்து, ஒரு பக்கம் தரையிலும் மறுபக்கம் ரன்னிங் போர்டின் (கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற பகுதி) செங்குத்துச் சுவரிலும் பிடிக்க வையுங்கள். மூலைகளை உருட்டுங்கள். முதல் தடவை சதுர மூலையோடு விட்ட முன்பக்க பிளேட் ஒன்றில், இரண்டாவது சீசன் முடிவில் மூலையிலிருந்து தரைத் தகட்டில் மயிரிழை விரிசல் கிளம்பியது. கூர்மையான மூலையில் அழுத்தம் குவிவதால் வருவது இது. விரிசல் நுனியில் 3 மி.மீ. ஓட்டை போட்டு நிறுத்தி, பெரிய உருட்டு மூலை பிளேட் போட்டதும் நின்றுவிட்டது.

வெல்டு வைக்குமுன் தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டைச் சுற்றிலும் 5 செ.மீ. தள்ளிவரை சுரண்ட வேண்டும். ஹீட் கன்னும் பட்டித் தகடும் போதும், பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும். தார் மிச்சமிருந்தால் வெல்டு நுரைத்துவிடும். பிளேட்டைச் சுற்றி ஒரே மூச்சில் இழுத்தால் தகடு ஓட்டையாகும், நெளியும். 25 மி.மீ. இழுத்து, எதிர்மூலைக்குப் போய் இன்னொரு 25 இழுத்து, ஆறவிட்டு இடைவெளியை நிரப்புங்கள்.

கூரையை ஒட்டிய ஜாயின்ட்டுகள் அடுத்த தலைவலி. மெயின் ஹூப்புக்கும் கூரைக்கும் நடுவே வெல்டிங் டார்ச் நுழையாது. அரைச் சுற்று மட்டும் வெல்டு வைத்து, மேல்பகுதியைப் பட்டி பூசி மறைத்த கேஜ்கள் ஊரில் நிறைய ஓடுகின்றன. சின்னக் கண்ணாடியை உள்ளே நீட்டினால் குட்டு வெளிப்படும். சரியான வழி இது: டோர் பார் (கதவுக்குக் குறுக்கே வரும் குழாய்) வைக்காமல் மேல்கட்டை முழுதும் டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) அடித்துக்கொள்ள வேண்டும். பாதம் வரும் இடங்களில் தரையில் குழாய் நுழையும் அளவு ஓட்டை போட்டு, கேஜை 10 முதல் 15 செ.மீ. கீழே இறக்க வேண்டும். மேலே கை நுழைய இடம் கிடைக்கும். முழுச் சுற்று வெல்டு முடித்து, கேஜைத் தூக்கி, ஓட்டைகளின்மேல் பிளேட்டைச் செருகிப் பற்றவைத்து, பிறகு டோர் பாருக்குப் போகலாம். ஓட்டை போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்து பிரேக் லைனும் பெட்ரோல் லைனும் எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைத்த பிறகுதான் வெல்டிங் மெஷின் ஆன் ஆக வேண்டும். பேட்டரி வயர், இ.சி.எம். (இன்ஜின் கம்ப்யூட்டர்) சாக்கெட் இரண்டையும் பிடுங்குங்கள். கண்ணாடிகளைக் கழற்ற முடியாவிட்டால் நனைத்த சாக்கால் மூடுங்கள்; கண்ணாடியில் விழும் பொறிப் புள்ளி தேய்த்தாலும் போகாது.

ஆர்கான் வெல்டிங்தான் வேண்டும் என்று பலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். இந்த ஸ்டீலுக்கு நல்ல கையில் சிஓ2 வெல்டிங்கும் அதே பலம் தரும், இ.ஆர்.70எஸ்-6 கம்பியோடு. முக்கியம், குழாய் முனையில் போடும் மீன்வாய் வெட்டு அடுத்த குழாயின்மேல் இடைவெளியில்லாமல் உட்கார்வது. 1 மி.மீ.-க்கு மேல் சந்து இருந்தால் வெல்டால் நிரப்பாமல் துண்டைத் திரும்ப வெட்டச் சொல்லுங்கள்.

டேக் நிலையிலேயே ஓட்டுபவர் ஹெல்மெட்டோடு, பெல்ட் இறுக்கி உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஹெல்மெட்டிலிருந்து எந்தக் குழாயும் 5 செ.மீ.-க்குள் வரக் கூடாது. சீட்டை இறக்கி இடம் சம்பாதியுங்கள், குழாயைக் கூரைக்குத் தள்ளிப் பயனில்லை. தோள்பட்டை வார் கட்டும் பார், சீட் முதுகிலிருந்து பின்னோக்கி லேசாகச் சரிந்து போகும் உயரத்தில் இருக்கட்டும். 10 டிகிரி நல்லது, ஹான்ஸ் (கழுத்துக் காப்பு) போடுபவருக்கு 20-க்கு மேல் போகக் கூடாது. பின் ஸ்டே செங்குத்துக்கு 30 டிகிரிக்குக் குறையாமல் சாய வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னி இடிக்கிறதே என்று நிமிர்த்தி வைப்பவர்கள் உண்டு. ஸ்டெப்னியைத்தான் எடுக்க வேண்டும்.

எடவப்பாதியும் ஃபோமும்

எதிர்பாராத எதிரி துரு. எடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு இறங்கி, ஷெட்டில் நிறுத்திய வண்டிக்குள்ளும் உட்கார்ந்துவிடும். பிளேட்டுக்கும் தகட்டுக்கும் இடையே நகம் நுழையும் சந்து இருந்தால் செம்மண் சேறு அங்கே தங்கி உள்ளிருந்து தின்னும். சீம் சீலரால் நாலு பக்கமும் அடைத்து, ரன்னிங் போர்டுக்குள் மெழுகு ஸ்ப்ரே அடித்த பாதங்கள் நாலு சீசன் தாங்கின. சீலர் விட்டுப்போன பின் பாதம் ஒன்றை மூன்றாம் ஆண்டில் வெட்டி மாற்ற வேண்டியிருந்தது. கனம் பார்க்க ஓட்டை போட்டிருந்தால் அதையும் ரப்பரால் அடையுங்கள்.

கேஜுக்கு வெளிர் சாம்பல் எனாமல் போதும். விரிசல் விட்டால் பழுப்புக் கோடாகத் தானே காட்டிக்கொடுக்கும். கனமான பவுடர் கோட்டிங் அதை மறைக்கும். குரோம் பூச எஃப்.ஐ.ஏ. விதியே தடை போடுகிறது. சீசனுக்கு ஒருமுறை ஜாயின்ட்டுகளில் பெயிண்டைச் சுரண்டி டிபி டெஸ்ட் (மை ஊறவைத்து விரிசல் தேடும் சோதனை) செய்யுங்கள். சிவப்பு மையும் வெள்ளைப் பொடியும் கோவையில் பம்ப் செட், ஃபவுண்டரி வேலை செய்யும் எந்தப் பட்டறையிலும் இருக்கும்.

ஃபோமில்தான் ஏமாறுவது அதிகம். ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோம் விரலால் அழுத்தினாலே குழாய் தட்டும். தலை மோதினால் அது இல்லாத மாதிரிதான். எஃப்.ஐ.ஏ. 8857-2001 டைப் ஏ என்று அச்சிட்ட கெட்டியான பேடிங் வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டியில் மூன்றாவது கோடையில் அது ஓரத்தில் உதிர ஆரம்பித்தது. பேடிங்கைக் கட்டும் கேபிள் டையின் முடிச்சு, ஓட்டுபவர் தலைக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும்.

உருண்ட வண்டியின் கேஜைச் சூடு காட்டி நிமிர்த்தி மறுபடி ஓட்டுவது கூடவே கூடாது.

கேஜ் போட்ட வண்டியை ரோட்டில் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: ஹெல்மெட் இல்லாமல் பக்கத்தில் இரும்புக் குழாய் இருக்கும் வண்டி, சாதாரண விபத்திலும் மண்டையை உடைக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் ஆர்.சி.க்கு மாறான மாற்றத்தை அனுமதிப்பதில்லை. வாளையார் தாண்டினால் கேரள வண்டிச் சோதனையில் இதற்குத் தனிக் கவனிப்பு உண்டு. லாரியில் ஏற்றிப் போங்கள். ஏற்றிய பிறகு சக்கரங்களைக் கட்டுங்கள், டோர் பாரில் பெல்ட்டைச் சுற்றி இழுக்க வேண்டாம்; பெயிண்ட் உரிந்த அந்த இடத்தில்தான் அடுத்த மழைக்கு முதல் துரு பிடிக்கும்.