பூச்சி பரவும் இடத்தை முன்கூட்டிக் காட்டும் மேக்ஸென்ட்: டெல்டாவின் தென்னைக்கு எந்த அளவு உதவும்?

பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்த பிறகு புதிதாக நட்ட கன்றுகளுக்குச் சுருள் வெள்ளை ஈ அடுத்த அச்சுறுத்தலாக வந்தது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இப்பூச்சி இந்தியாவில் முதன்முதலில் 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது. ஓலையின் அடிப்புறத்தில் சாறு உறிஞ்சும் இது கழிக்கும் இனிப்பான கசிவின் மேல் கரும்பூசணம் படர்ந்து தோப்பே கறுத்துப்போகும். இத்தகைய பூச்சி இனி எங்கெல்லாம் நிலைகொள்ளக்கூடும் என்று கணிக்க ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் இலவச மென்பொருளான மேக்ஸென்ட்டை, டெல்டாவில் வேளாண் பணியில் இருப்பவர்களின் தேவையை மனத்தில் வைத்து மதிப்பிடுகிறேன்.

ஸ்டீவன் பிலிப்ஸ், ராபர்ட் ஆண்டர்சன், ராபர்ட் ஷாபயர் ஆகியோர் 2006இல் விளக்கிய இந்த முறைக்குப் பூச்சி காணப்பட்ட இடங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் போதும்; பூச்சி இல்லாத இடங்களின் பட்டியல் கட்டாயமில்லை. தோப்பில் பூச்சி இல்லையென்று யாரும் பதிவுசெய்து வைப்பதில்லை என்பதால் இது பெரிய வசதி. வேர்ல்ட்கிளிம் என்னும் உலகத் தட்பவெப்பத் தரவுத்தொகுப்பு தரும் 19 வெப்ப, மழை வரைபட அடுக்குகளை அந்த இடங்களோடு ஒப்பிட்டு, நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் பூச்சிக்கு எவ்வளவு ஏற்றது என்பதை 0 முதல் 1 வரையிலான மதிப்பாக மென்பொருள் வரைபடத்தில் நிறமிட்டுக் காட்டுகிறது. ஜாவா உள்ள சாதாரணக் கணினியே இதற்குப் போதும்.

மாநில அளவில் இதன் பயன் தெளிவாகத் தெரிகிறது: நீலகிரியின் குளிரும் கடலோரத்தின் வெம்மையும் வெவ்வேறு நிறங்களில் பிரிந்து நிற்கின்றன. டெல்டாவுக்குள் வந்தாலோ, திருவையாற்றிலிருந்து வேதாரண்யம் வரை ஏறக்குறைய ஒரே நிறம். சமதரையான இந்நிலத்தில் வெப்பநிலை ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. மேட்டூர் நீர் வாய்க்கால்களில் வந்து சேர்வதால் தோப்புக்குள் நிலவும் ஈரப்பதம் அந்த மழை அடுக்குகளில் இடம்பெறுவதுமில்லை. எனவே எந்த ஒன்றியத்தில் முதலில் கண்காணிக்க வேண்டும் என்று கேட்பவருக்கு இவ்வரைபடம் மட்டும் பதில் தராது.

இன்னும் முக்கியமான வரம்பு ஒன்று உண்டு. பூச்சி வாழத்தக்க இடத்தைத்தான் மேக்ஸென்ட் காட்டுகிறது. அது வந்து சேரும் வழியை அன்று. ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கவல்ல மக்காச்சோளப் படைப்புழுவின் அந்துப்பூச்சிக்கு வாழத்தக்க இடம் என்பதே ஏறத்தாழ எச்சரிக்கையாகிவிடும். தானாக அவ்வளவு தூரம் பறக்காத வெள்ளை ஈயோ, கன்றுகளோடும் ஓலைகளோடும் வண்டியேறித்தான் தொலைவுகளைக் கடக்கிறது. அதன் அடுத்த இடத்தை அறிய, நாற்றங்கால்கள் எங்கிருந்து கன்று வாங்குகின்றன என்ற விவரத்தையும் தென்னைப் பரப்பையும் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா ஒட்டுண்ணி என்னும் சிறு குளவி எங்கே பெருகியிருக்கிறது என்பதும் மேக்ஸென்ட் வரைபடத்தில் சேராது. பூச்சிமருந்தைக் கண்டபடி தெளித்து அந்த ஒட்டுண்ணியை அழித்துவிட்ட தோப்புக்கும், அதைக் காத்துவரும் பக்கத்துத் தோப்புக்கும் ஒரே மதிப்பே கிடைக்கும்.

உள்ளிடும் பதிவுகளில் தனிக் கவனம் வேண்டும். வேளாண் கல்லூரிகள், வேப்பங்குளம் போன்ற தென்னை ஆராய்ச்சி நிலையங்கள், பெருஞ்சாலைகள் ஆகியவற்றை ஒட்டியே பதிவுகள் குவிந்திருந்தால், பூச்சி இருக்கும் இடத்துக்குப் பதிலாக ஆய்வாளர் சென்ற இடத்தையே மென்பொருள் கற்றுக்கொள்ளும். இச்சாய்வைத் திருத்துவதற்கான கோப்பைச் சேர்க்க மேக்ஸென்ட்டில் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் வெளியிடப்படும் வரைபடத்தை நான் நம்பமாட்டேன். மத்திய அமெரிக்கப் பதிவுகளை மட்டும் கொண்டு இந்தியாவுக்குக் கணிப்பதும் ஆபத்தானது. பொள்ளாச்சி, கேரளப் பதிவுகளையும் சேர்த்து ஓட்டி, இரண்டு வரைபடங்களும் எங்கே மாறுபடுகின்றன என்று பார்க்க வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கும், மாநில அளவில் கண்காணிப்பைத் திட்டமிடுவோருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஒரு வட்டாரத்துக்குள் பொறுப்பேற்றிருக்கும் வேளாண் அலுவலர் இதற்குச் செலவிடும் நேரத்தை, கோடையில் வெள்ளை ஈ பெருகும் முன்பே நாற்றங்கால்களுக்குச் சென்று கன்றுகளின் ஓலை அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதில் செலவிடலாம்.