மெட்டீரியலோட விடுவதா, லேபர் மட்டுமா? காரைக்குடிப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு

வீடு கட்டப் போகிறேன் என்று எங்கள் பக்கம் யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி, “மெட்டீரியலோட விட்டிருக்கீகளா, லேபர் மட்டுமா?” என்பதுதான். கோட்டையூர்ப் பக்கம் நான் கட்டிய வீடு லேபர் காண்ட்ராக்ட். அதே சமயத்தில் தேவகோட்டையில் என் மச்சான் மெட்டீரியலோடு விட்டுக் கட்டினார். நான் இன்ஜினியர் இல்லை, கம்பிக்கும் ஜல்லிக்கும் விலை கேட்டே பழக்கமில்லாத ஆள். அதனால் இதை, இரண்டு வேலையையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் லேபர் பக்கம்.

தெரியாதவர்களுக்காக: மெட்டீரியலோடு விட்டால் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதிலிருந்து சாவி கொடுப்பது வரை எல்லாம் அவர்கள் பாடு. லேபர் என்றால் கூலிக்கு மட்டும் சதுர அடி ரேட். சிமெண்ட், கம்பி, செங்கல், எம் சாண்ட் எல்லாம் நாம் வாங்கி இறக்க வேண்டும். நாள் சம்பளம் என்று மூன்றாவது வழி ஒன்று உண்டு. பழைய வீட்டில் ஓடு மாற்றுவது, காரை உதிர்ந்த சுவரைப் பூசுவது மாதிரி வேலைகளுக்கு அது சரி. புது வீட்டுக்கு வேண்டாம், வேலை முடியவே முடியாது.

மெட்டீரியலோடு விடுவதில் இருக்கும் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அலைச்சல் குறைவு. மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஓரளவு முன்பே தெரியும். பேங்க் லோனுக்கு எஸ்டிமேட், ஸ்டேஜ் ஸ்டேஜாகப் பணம் விடுவிப்பது எல்லாம் சுலபம். சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருந்துகொண்டு ஊரில் வீடு எழுப்ப நினைப்பவருக்கு, கூட நிற்க நம்பிக்கையான ஆள் இல்லையென்றால் வேறு வழியும் இல்லை. பிளான் அப்ரூவல் இரண்டு முறைக்கும் ஒன்றுதான். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டடமும் என்றால் சுயசான்றில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கிவிடலாம். ஆனால் சான்று கொடுப்பது நாம். காலி விடவேண்டிய இடத்தில் சுவர் ஏறிவிட்டால் பதில் சொல்ல வேண்டியதும் நாம்தான், காண்ட்ராக்டர் இல்லை.

லேபரில் விட்டால் மிச்சம் என்கிறார்களே என்று கேட்டால், பெரிதாக இல்லை என்றுதான் சொல்வேன். காண்ட்ராக்டரின் லாபம் நமக்கு மிஞ்சும், சரி. அவருக்குக் கிடைக்கும் கடை விலை நமக்குக் கிடைக்காது, அப்புறம் சேதாரம் என்று ஒன்று இருக்கிறது. கழித்துக் கூட்டிப் பார்த்தால் பணத்துக்காக இந்தத் தலைவலியை இழுத்துப் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம் இல்லை.

பிறகு ஏன் லேபர்? எனக்குத் தீர்மானம் செய்து கொடுத்தது ஒரே ஒரு கேள்வி. சிமெண்ட் மூட்டை ஒன்று குறைந்தால் அந்தக் காசு யார் பைக்குப் போகிறது?

மேல்தளத்தை எடுத்துக்கொள்வோம். 1,000 சதுர அடி, 5 அங்குல கனம் என்றால் ஏறக்குறைய 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர் காங்கிரீட். கம்பி கட்டிய காங்கிரீட்டுக்குக் குறைந்தது எம்20 தரம் வேண்டும் என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. கையால் கலக்கும் கணக்கில் அது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. கன மீட்டருக்கு 8 மூட்டை வீதம் மொத்தம் கிட்டத்தட்ட 94 மூட்டை ஆகும். அதையே ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்று கலந்தால் 75 மூட்டையில் முடிந்துவிடும். ஒரே நாளில், ஒரே தளத்தில், இருபது மூட்டை சிமெண்ட் வித்தியாசம். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திய பிறகு இரண்டு தளமும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மெட்டீரியலோடு சதுர அடி ரேட் பேசியவருக்கு அந்த இருபது மூட்டை முழுக்க லாபம். எல்லோரும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்லவில்லை, நாணயமாகச் செய்கிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் விலைவாசி ஏறி, பேசிய ரேட் கட்டுப்படியாகாமல் போகும் ஒரு மாதத்தில், அவர் கை முதலில் எங்கே போகும் என்பதற்கு நான் ஜாமீன் நிற்க மாட்டேன்.

இதை என் மேஸ்திரியிடமே ஒருநாள் டீ குடித்துக்கொண்டே கேட்டேன். சிரித்துவிட்டு, “சிமெண்டக் கொறச்சு எனக்கென்னண்ணே வரப்போவுது? கூடுதலாப் போட்டாத்தான் பூச்சு எனக்கு வழவழன்னு வரும்” என்றார். மொத்த விஷயமும் அந்தப் பதிலில் இருக்கிறது. அவர் நல்லவரா இல்லையா என்று நான் ஆராய வேண்டியதே இல்லை, குறைப்பதில் அவருக்கு லாபம் இல்லை, அவ்வளவுதான்.

கம்பியும் இதே கதைதான். 12 எம்எம் கம்பி, 12 மீட்டர் (ஏறக்குறைய 40 அடி) நீளம், ஒன்று ஏறக்குறைய 10.7 கிலோ இருக்க வேண்டும் (எம்எம் கணக்கில் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும், சிமெண்ட் கடைக்காரரே சொல்லிக்கொடுத்தது). எடை குறைந்த கம்பி மார்க்கெட்டில் வரத்தான் செய்கிறது. நாமே வாங்கும்போது எடைமேடையில் ஏற்றி, எண்ணிக்கையையும் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். மச்சான் வீட்டில் கம்பி வந்து இறங்கிய நேரம் அவர் ஆபீஸில் இருந்தார். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது பாதி வளைத்துக் கட்டியாகிவிட்டது. அதில் தப்பு ஏதாவது இருந்ததா என்றால், தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் போனதுதான் அவருக்கு இன்றைக்கும் உறுத்தல்.

ஆனால் லேபரில் இதற்கு நேர் எதிரான நோய் ஒன்று உண்டு. சாமான் அவர்களுடையது இல்லை என்பதால் கை தாராளமாகிவிடும். முழுக் கல்லை உடைத்து அரைக்கல் போடுவார்கள், பக்கத்திலேயே அரைக்கல் குவிந்து கிடக்கும். காலையில் மொத்தமாகக் கலவையைப் போட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் இறுகினால் தண்ணீர் தெளித்துக் கிளறிப் பூசுவார்கள். காசும் போச்சு, பலமும் போச்சு. ஐப்பசி மழையில் தரையோடு அடுக்கி வைத்த சிமெண்ட் கல்லாகிவிடும் (பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்கி, பத்து மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). ஆக ஒரு முறையில் சாமான் குறையும் பயம், இன்னொன்றில் சாமான் வீணாகும் எரிச்சல். வீணானது என் பணம் மட்டும். தளத்துக்குள் குறைந்தால் அதைப் பிறகு எந்தப் பணத்தாலும் சரிசெய்ய முடியாது.

அளவுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு மூட்டை சிமெண்ட் 1.25 கன அடி. நீளம் ஒரு அடி, அகலம் ஒரு அடி, உயரம் 15 அங்குலம் என்று தச்சரிடம் ஒரு பெட்டி அடித்து வாங்கினால் அது சரியாக ஒரு மூட்டை அளவு. மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி எம் சாண்ட், மூன்று பெட்டி முக்கால் அங்குல ஜல்லி. சட்டிக் கணக்கு வேண்டவே வேண்டாம், நிமிந்தாள் (கொத்தனாருக்கு உதவி செய்யும் ஆள்) காலையில் அள்ளும் சட்டியும் சாயங்காலம் அள்ளும் சட்டியும் ஒன்றாக இருக்காது. தண்ணீர் மூட்டைக்கு 30 லிட்டரைத் தாண்டக்கூடாது, ஈர மணலாக இருந்தால் இன்னும் குறைய வேண்டும். காங்கிரீட் போடும் அன்றைக்குப் பெரிய சண்டையே இதில்தான் வரும். “இம்புட்டு கெட்டியா இருந்தா எப்படிண்ணே தள்றது?” என்பார்கள். வைப்ரேட்டரை வாடகைக்கு எடுத்து வைத்துவிட்டு, அது தள்ளும் என்று சொல்லி நகராமல் நின்றுகொள்ளுங்கள்.

போட்ட காங்கிரீட் காயாமல் தண்ணீர் ஊற்றுவது மெட்டீரியல் காண்ட்ராக்டில் ரேட்டுக்குள் அடக்கம் என்பார்கள். பெரும்பாலும் பேச்சில்தான் அடக்கம். சித்திரை வெயிலில் காரைக்குடியில் காலை ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்குக் காய்ந்துவிடும், அங்கே நின்று ஊற்றுவதற்கென்று ஒரு ஆளுக்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள்? இப்போது கடையில் பெரும்பாலும் கிடைப்பது பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட், அதற்கு வெக்கையான ஊரில் 14 நாள் வரை ஈரம் காயாமல் இருப்பது நல்லது. தூண்களுக்குச் சாக்கைச் சுற்றி நனையுங்கள். லேபரில் இது என் வேலை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அதனால் நடந்தது.

அடுத்தது எங்கள் ஊர்ச் சங்கதி. மெட்டீரியல் ரேட்டுக்குள் வருவது இரண்டுக்கு இரண்டு டைல்ஸ், பிளஷ் டோர். தரைக்கு ஆத்தங்குடிக் கல் வேண்டும், பழைய தேக்கு நிலை வைக்க வேண்டும் என்றால் எல்லாம் எக்ஸ்ட்ரா. டைல்ஸுக்குக் கழித்துக்கொள்ளும் தொகையோ சொற்பமாக இருக்கும். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் கடைகளில் ஒரு பர்மா தேக்கு நிலை எடுத்தேன். நாகம் போல் வளைந்த கொடியும் பூவும் செதுக்கியது, எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டியதும் உள்ளே மரம் சிவந்து கிடந்தது. ஆனால் அது அகலச் சுவருக்குச் செய்த நிலை. நம் சுவரோ ஒன்பது அங்குலம், பூச்சோடு சேர்த்தாலும் நிலை வெளியே துருத்தும். மேஸ்திரி அரைநாள் யோசித்துவிட்டு, முகப்பில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் பதினான்கு அங்குலச் சுவராக எழுப்பினார். கூடுதலாகப் போன கல் என்னுடையது, கூலியைச் சனிக்கிழமை பட்டுவாடாவில் சேர்த்துக்கொண்டோம். மெட்டீரியல் காண்ட்ராக்டில் இந்தப் பேச்சே ஒரு வாரம் இழுத்திருக்கும்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடி மேல் வர்ணக் கலவை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சிமெண்ட் என்பதால் ஆசிட் பட்டால் முகம் போய்விடும். பெயிண்ட் அடித்து முடித்ததும் ஆசிட் ஊற்றித் தரையைக் கழுவுவது வேலையாட்களுக்குப் பழகிப்போன விஷயம். அதனால் பெயிண்ட், வயரிங் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் கல்லைப் பதியுங்கள், பதிக்கத் தெரிந்த ஆளை ஆத்தங்குடியிலேயே கேட்டுக் கூட்டி வாருங்கள். கல்லுக்கும் அடியில் போடும் கலவைக்கும் சேர்த்துத் தரைமட்டம் எவ்வளவு ஏறும் என்பதை நிலை வைக்கும்போதே கணக்குப் பண்ணிவிட வேண்டும். வேலை வரிசையை இப்படி நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்வது லேபரில்தான் முடியும்.

லேபரின் கஷ்டங்களையும் சொல்லாமல் விடக்கூடாது. பிளம்பர் குழாய் போடும் முன்பே கொத்தனார் பூசிவிடுவார், இரண்டு பேரையும் ஒரே நாளில் நிற்கவைப்பது நம் பாடு. பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் சிராவயல் மஞ்சுவிரட்டு முடிந்தும் வர மாட்டார்கள், போனும் எடுக்க மாட்டார்கள். மேஸ்திரிக்கு வேறு ஊரில் பெரிய வேலை வந்தால் நம் வீட்டுக்கு ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் மட்டும் மிஞ்சுவார்கள். வீட்டில் ஒருவராவது தினமும் காலையும் மாலையும் போய்ப் பார்க்க முடியாதென்றால் நான் சொன்ன எதுவும் செல்லாது. அந்த நிலைமையில் மெட்டீரியலோடு விட்டுவிட்டு, காண்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத இன்ஜினியர் ஒருவரைத் தளம் போடும் நாளுக்கு மட்டுமாவது தனிச் சம்பளத்தில் நிறுத்துவது நல்லது என்று தோன்றுகிறது. மச்சான் வீட்டில் அப்படி யாரும் நிற்கவில்லை, அதனால் அது எந்த அளவு உதவும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது.

பேசும்போது எழுதி வாங்க வேண்டியவை: போர்டிகோ, சன்ஷேடு, பரண் எல்லாம் சதுர அடிக் கணக்கில் எப்படி வரும், செப்டிக் டேங்கும் சம்ப்பும் உள்ளேயா வெளியேயா, மிக்ஸர் வாடகை யாருடையது. அப்புறம் சென்ட்ரிங், அதாவது தளம் இறுகும் வரை அடியில் தாங்கும் முட்டும் பலகையும். இதில் லேபர் காண்ட்ராக்டும் சுத்தம் கிடையாது. முட்டும் பலகையும் மேஸ்திரி பொறுப்பு என்றால் வாடகை அவருக்கு ஓடிக்கொண்டிருக்கும், சீக்கிரம் பிரிக்கத்தான் பார்ப்பார். 4.5 மீட்டருக்கு மேல் அகலமான அறை என்றால் முட்டு 14 நாளாவது நிற்க வேண்டும், பிபிசி சிமெண்டுக்கு அதற்கு மேலும் விட்டுவைக்கலாம். இப்போது மாடி எடுக்க அதே மேஸ்திரியிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். சென்ட்ரிங் வாடகையை நான் தருகிறேன், சதுர அடி ரேட்டில் அதைக் குறையுங்கள் என்கிறேன். குறைக்க அவருக்கு மனசு வரவில்லை, தை பிறக்கட்டும் பார்க்கலாம் என்றிருக்கிறார்.